சங்கக்கடையின் புதுக்கோலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலை செய்யும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இலங்கையின் வடக்கே வன்னியில் பத்துப் பன்னிரண்டு கிளைக் கடைகள், ஊர்ப்பேச்சில் சங்கக்கடைகள். இரண்டு வருடமாகச் சிலதை மாற்றிப் பார்க்கிறோம். நகரக் கிளையைச் சுப்பர் மார்க்கட் ஆக்கினோம். சந்திக் கிளையைச் சின்னதாக்கினோம். உள்ளூர்களுக்கு ஒரு லொறி விட்டோம். பெயர்ப்பலகைகளை மாற்றினோம், அதில் ஒன்றைக் கழற்றிப் பழையதையே திருப்பி மாட்டினோம். அன்றிலிருந்து கூட்டத்திலும் கோயில் வீதியிலும் பஸ்சிலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, சங்கத்தின் அறிக்கை அல்ல.

சங்கக்கடை எண்டா சங்கக்கடைதானே. இதை ஏன் மாத்த வேணும்?

முந்திச் சனம் சங்கக்கடைக்கு வந்தது கடை நல்லது என்பதற்காக இல்லை, வராமல் முடியாது என்பதற்காக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இலிருந்து, அரிசியும் சீனியும் பங்கீட்டில் கிடைத்தன. அவற்றைக் கொடுக்கக் கூட்டுறவுக் கடைகள் ஊரூராய் முளைத்தன. கூப்பன் அட்டையை நீட்டினால்தான் சாமான். 1979இல் அரிசிப் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. பிறகு வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி முத்திரை. வன்னியில் இன்னொன்றும் சேர்ந்தது: இடம்பெயர்ந்த காலங்களில் நிவாரணச் சாமான் எங்கள் சங்கங்கள் ஊடாகத்தான் கொடுபட்டது. அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். விடியவே வரிசை கட்டி நிற்பார்கள்.

இப்போது நிலைமை வேறு. 2023இலிருந்து அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு வங்கிக் கணக்குக்கே போகிறது. அந்தக் காசை எந்தக் கடையிலும் செலவழிக்கலாம். கட்டாயத்தில் வந்த வாடிக்கையாளர் இனி விரும்பித்தான் வரவேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

சங்கம் யாற்றை? அரசாங்கத்தின்ரை தானே? சதொசவும் இதுவும் ஒண்டுதானே?

இல்லை. சங்கம் அங்கத்தவர்களுடையது. பங்குப்பணம் கட்டியவர்கள் பொதுச்சபையில் கூடி நிர்வாகத்தைத் தெரிவு செய்கிறார்கள். பதிவும் மேற்பார்வையும் மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தின் கையில். பலநோக்குச் சங்கம் என்ற வடிவம் 1957இல் வந்தது. 1970களின் தொடக்கத்தில் சின்னச் சின்னச் சங்கங்களை ஒன்றாக்கிப் பெரிய சங்கங்களாக்கினார்கள். ஒரு சங்கத்துக்கு இத்தனை கிளைகள் இருப்பது அதனால்தான். சொல்லப்போனால் ‘செயின் ஸ்டோர்ஸ்’ என்று கொழும்பில் பெருமையாகச் சொல்வதை நாங்கள் ஓடு வேய்ந்த கட்டடங்களில் எப்போதோ நடத்திக்கொண்டிருந்தோம்.

சதொச வேறு. அது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டான கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தின் வழிவந்தது. இன்றைக்கு லங்கா சதொச என்ற அரச கம்பனி. அதில் உங்களுக்குப் பங்கும் இல்லை, வாக்கும் இல்லை.

‘கோப் சிற்றி’ எண்டு போர்ட் போட்டிருக்கு. கொழும்புக் கம்பனிக்கு வித்திட்டியளோ?

விற்கவில்லை. கோப் என்பது கூட்டுறவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நாடு முழுக்கப் பல சங்கங்கள் தங்கள் சுயசேவைக் கடைகளுக்கு இந்தப் பெயரை வைத்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கடையும் அந்தந்த ஊர்ச் சங்கத்தின் சொத்து. லாபம் கொழும்புக்குப் போவதில்லை, நட்டமும் போவதில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கார்கில்ஸ் கம்பனி 1983இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் புட் சிற்றி என்ற தன் முதல் சுப்பர் மார்க்கட்டைத் திறந்தது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் ‘சிற்றி’ என்றாலே தள்ளுவண்டியும் கூடையும் என்று ஆகிவிட்டது. எனக்கு இந்தப் பெயர் அவ்வளவு பிடித்ததில்லை. கூட்டத்தில் சொன்னேன். தோற்றுப்போனேன்.

மேசைக்கு அங்கால நிண்டு நிறுத்துத் தந்தது நல்லாத்தானே இருந்தது? ஏன் நாங்களே பொறுக்க வேணும்?

இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரைத் தட்டுகளுக்கு நடுவே நடக்க விட்டார். அதுவரை அங்கேயும் எங்கள் மாதிரித்தான், துண்டை நீட்டினால் ஆள் எடுத்துத் தருவார். எடுத்துத் தரும் ஆட்களின் சம்பளம் மிச்சம் என்பது ஒரு பக்கம். பார்க்கிற பொருளை எல்லாம் சனம் வாங்கும் என்பது மற்றப் பக்கம். இரண்டாவதுதான் கடைக்காரருக்குப் பெரிய லாபம், அதை மறைத்து என்ன.

எங்கள் நகரக் கிளையில் முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். புதுத் தரை பளபளத்ததால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒரு அம்மா கூடையைப் பூக்கூடை மாதிரிக் கையில் கொழுவிக்கொண்டு தட்டுக்கு முன்னால் நின்று, தூரத்தில் நின்ற பொடியனிடம் “தம்பி, அதில ஒரு கிலோ போடும்” என்றார். கைக்கெட்டும் தூரத்தில் பருப்புப் பொதி இருக்கிறது, தொடவில்லை. அதைத் தொட்டால் வாங்கியே ஆகவேண்டும் என்று நினைத்தாராம். இன்னும் சிலர் கண்ணாடிக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துக் கடை பூட்டு என்று திரும்பிப் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு கல்லை வைத்துக் கதவைத் திறந்தே விட்டோம். அன்றைக்குத்தான் ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

பிறகு யாரும் பழைய முறை வேண்டும் என்று கேட்கவில்லை. முக்கியமாக இளம் பெண்கள். மேசைக்கு முன்னால் நாலு ஆம்பிளையள் நிற்க, வேண்டிய சாமானைச் சத்தமாகச் சொல்லிக் கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது என்று ஒருத்தி சொன்னாள். இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

பெரிய கடை, மினி, எக்ஸ்பிரஸ்... பேர்தான் வேறயோ, சாமானும் வேறயோ?

சாமானும் வேறு. நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்பதை வைத்துத்தான் கடையின் அளவு தீர்மானமாகிறது. மாதச் சாமான் வாங்க வருபவருக்குப் பத்துக் கிலோ அரிசிப் பையும், நாலு வகைச் சவர்க்காரமும், நிறுத்த இடமும் வேண்டும். வேலை முடிந்து போகிற வழியில் இறங்குபவருக்குப் பாண், பால்மா, முட்டை, ரீலோட் போதும். ஐந்து நிமிடத்தில் போகவேண்டும். கார்கில்ஸ் பெரிய புட் சிற்றிகளோடு எக்ஸ்பிரஸ் என்று சின்னதும் வைத்தது இதற்காக.

லண்டனில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு டெஸ்கோ சுப்பர் மார்க்கட் தெரிந்திருக்கும். அவர்களிடம் சின்னது எக்ஸ்பிரஸ், பெரியது எக்ஸ்ட்ரா. நடுவில் மெட்ரோ என்று ஒன்றும் இருந்தது. 2021இல் மெட்ரோ என்ற பெயரையே எடுத்துவிட்டு, அந்தக் கடைகளில் சிலதை எக்ஸ்பிரஸாகவும் மற்றதைப் பெரிய கடையாகவும் மாற்றினார்கள். பட்டணத்து நடுவில் இருந்த மெட்ரோவுக்கும் சனம் அன்றன்றைக்குத் தேவையானதை வாங்கத்தான் வந்தது, கிழமைச் சாமான் வாங்க வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கடைக்கு எப்போதும் இந்தச் சிக்கல். எங்கள் சந்திக் கிளையும் அப்படித்தான் நின்றது. அரிசி மூட்டைக்குப் பின்னால் பிஸ்கட் ஒளிந்திருக்கும். மூட்டைகளை நகரக் கிளைக்கு அனுப்பிவிட்டு முன்பக்கத்தை மட்டும் வைத்தோம். வியாபாரம் குறையவில்லை.

கீல்ஸ் காரர் சிவப்பைப் பச்சையாக்கினவை. நிறம் மாத்தினா சனம் வருமோ?

நிறத்துக்காக யாரும் வரமாட்டார்கள். 2018இல் கீல்ஸ் சுப்பர் மார்க்கட் காரர் தங்கள் ‘கீல்ஸ் சுப்பர்’ என்ற பெயரிலிருந்து சுப்பரை எடுத்துவிட்டுப் பச்சை நிறத்துக்கு மாறினார்கள். பலகையோடு கடைக்குள்ளேயும் மாற்றினார்கள். மரக்கறியையும் பழத்தையும் முன்னுக்கு வைத்துவிட்டு, பச்சைப் பலகை போட்டால் அது பொருந்தும். வாடின போஞ்சிக்கு மேலே பச்சைப் பலகை போட்டால் சனம் சிரிக்கும்.

நாங்கள் சிரிப்பு வாங்கிய கதை வேறு. ஒரு கிளையில் ‘சங்கக்கடை’ என்று நீலத்தில் எழுதிய தகரப் பலகை. வயது எனக்குத் தெரியாது, வெடிபட்ட ஓட்டை இரண்டு இருக்கிறது. அதைக் கழற்றிப் பளிச்சென்று விளக்குப் பலகை மாட்டினோம். அந்தச் சந்திக்குப் பெயரே சங்கக்கடைச் சந்தி. பஸ் நடத்துநர் இன்றைக்கும் “சங்கக்கடை இறங்கு” என்றுதான் கத்துவார். புதுப் பலகையைப் பார்த்துவிட்டுச் சாமான் இறக்க வந்த வாகனம் இரண்டு தரம் தாண்டிப் போய்விட்டது. ஊரவர்கள், “சங்கக்கடைச் சந்தியில சங்கக்கடை இல்லை, விளங்குதோ” என்று பகிடி விட்டார்கள். மூன்றாம் மாதம் பழைய தகரத்தைத் துடைத்து, ஓட்டையோடேயே திருப்பி மாட்டினோம். விளக்குப் பலகை களஞ்சியத்தில் கிடக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.

உள்ளுக்கு ஏசி இல்லை. இதுவும் ஒரு சுப்பர் மார்க்கட்டோ?

கதவைக் கல் வைத்துத் திறந்த கதையை மேலே சொன்னேன். திறந்த கதவோடு ஏசி போட்டால் கண்டி வீதியைத்தான் குளிரூட்டலாம். ஏசியை நிறுத்திவிட்டு மின்விசிறி போட்டோம். குளிர்ப்பெட்டி மட்டும் பாலுக்கும் தயிருக்கும் ஓடுகிறது. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். உறைந்த கோழி இறைச்சி விற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எனக்கு முதலில் அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, எங்க மலிவு?

எல்லாச் சாமானுக்கும் ஒரு கடை மலிவாக இருக்காது. சீனி, பருப்பு, மா போன்றவற்றின் விலை எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் எந்தக் கடையும் அவற்றில் லாபத்தைக் குறைத்து வாசலில் எழுதிப் போடும். விட்டதை வேறு இடத்தில் பிடிக்கும். ஷாம்பு, பிஸ்கட், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு வைக்கிற ரொபி. நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

பெரிய பொதி மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். உதாரணத்துக்கு 250 கிராம் 210 ரூபாய், ஒரு கிலோ 900 ரூபாய் என்று வையுங்கள். நாலு சின்னப் பொதி 840 ரூபாய்தான். தட்டில் ஒட்டின விலையும் பில்லில் விழுந்த விலையும் ஒன்றா என்றும் பாருங்கள், எங்கள் கடையிலும்தான். பொதியில் அச்சடித்த ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேலே விற்பது சட்டப்படி குற்றம். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

சங்கத்தின்ரை பேர் போட்ட மிளகாய்த்தூள் வந்திருக்கு. நம்பி வேண்டலாமோ?

வாங்கலாம். கடைக்காரர் தன் பெயரில் பொருள் விற்பது புதிதில்லை. கிஸ்ட் ஜாமும் கொத்மலைப் பாலும் கார்கில்ஸ் குழுமத்தின் பொருட்கள்தான். விளம்பரச் செலவும் நடுவில் நிற்பவரின் பங்கும் இல்லாததால் விலை குறையும். பொருள் பிழைத்தால் மற்றக் கம்பனியைக் குற்றம் சொல்ல முடியாது, கடையின் பெயர்தான் கெடும். அதனால் எங்களுக்குப் பயம் கொஞ்சம் கூட.

இதோடு அடிக்கடி கேட்கிற குட்டிக் கேள்வி ஒன்று: பொதியில் இருக்கிற கோட்டுக் குறியின் (பார்கோட்) கீழே 479 என்று தொடங்கினால் இலங்கைப் பொருளா? 479 இலங்கையில் பதிந்த இலக்கம், 890 இந்தியாவில் பதிந்தது. எங்கே பதிந்தது என்பதைத்தான் அது சொல்லும், மிளகாய் எங்கே விளைந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு லேபிளின் சின்ன எழுத்தை வாசிக்கவேண்டும்.

வன்னியில கடை வைச்சுக்கொண்டு எங்கடை அரிசியும் கச்சானும் ஏன் தட்டில இல்லை?

நியாயமான கோபம். பெரிய கடைக்கு ஒரே அளவு, ஒரே தரம், வருடம் முழுக்க வேண்டும். எங்கள் நெல் காலபோகத்தில் மாசி, பங்குனியில் மலை மாதிரிக் குவியும். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான். மற்ற மாதங்களில் தட்டு வெறுமையாகக் கிடந்தால் பார்ப்பவர் கடை படுத்துவிட்டது என்று நினைப்பார்.

நாங்கள் ஒரு தட்டை மட்டும் மாறுகிற தட்டாக வைத்தோம். அதில் அந்த மாதம் ஊரில் கிடைப்பது இருக்கும்: மொட்டைக்கறுப்பன் அரிசி, முல்லைத்தீவுக் கச்சான், குரக்கன் மா, பனங்கட்டி, வைகாசி ஆனியில் பாலைப்பழம். பாலைப்பழம் ஒரே நாளில் கசிந்து தட்டெல்லாம் ஒட்டும், துடைப்பவள் என்னைத் திட்டுவாள். ஆனாலும் யாழ்ப்பாணம் போகிற வாகனங்கள் இந்தத் தட்டுக்காகவே நிற்கின்றன.

கடன் கொப்பி இருக்கோ? அறுப்புக்குப் பிறகு தாறன் எண்டா தருவியளோ?

இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி. சந்தியில் இருக்கிற சின்னக் கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு அறுவடை வரைக்கும் பொறுப்பார். விலை கொஞ்சம் கூட. ஆனால் கையில் காசில்லாத தை மாதத்தில் அந்தக் கூடுதலைப் பற்றி யார் யோசிப்பார்? எந்தச் சுப்பர் மார்க்கட்டும் இதில் அவரை வெல்லமுடியாது. கம்பியூட்டர் பில் ‘பிறகு தாறன்’ என்பதை ஏற்காது.

சங்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது: கிராமிய வங்கி எங்களுடையதே. அங்கத்தவர் நெல்லைச் சங்கத்துக்கு விற்பதாக இருந்தால், அந்தக் கணக்கில் கழிக்கும்படி ஓரளவு சாமான் கொடுத்துப் பார்த்தோம். முதல் போகம் நன்றாகப் போனது. அடுத்த போகத்தில் தனியார் வியாபாரி வயலுக்கே லொறியோடு வந்து கூடக் கொடுத்தார். நெல் அங்கே போனது, கடன் எங்களிடம் நின்றது. இப்போது சின்னத் தொகைக்கு மட்டும் தருகிறோம். யாருக்கு, எவ்வளவு என்பதைக் கிளைக் குழு பார்க்கும். திருப்தியான ஏற்பாடு இல்லைத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய பெரிய கம்பனியளே இப்பிடி மாத்திப் பாத்துக் கவிண்டிருக்கே?

கவிழ்ந்திருக்கின்றன. டெஸ்கோ 2007இல் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் ‘பிரெஷ் அன்ட் ஈசி’ என்று நடுத்தரக் கடைகளைத் திறந்தது. அமெரிக்க வீடுகளுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்த்து ஆராய்ந்தவர்கள். ஆனால் மரக்கறியைப் பொலித்தீனில் சுற்றி வைத்தார்கள், பில்லையும் வாடிக்கையாளரே போடும்படி விட்டார்கள். 2013இல் விற்றுவிட்டு வெளியேறினார்கள். எங்கள் நகரக் கிளையில் அந்த அம்மா தொடப் பயந்த பருப்பும், அங்கே தொட முடியாமல் சுற்றிவைத்த தக்காளியும் எனக்கு ஒரே கதையாகத்தான் தெரிகிறது.

சென்னையில் 1997இல் தொடங்கிய சுபிக்ஷா இதற்கு எதிர்ப்பக்கம். ஏசி இல்லை, அலங்காரம் இல்லை, சின்னக் கடை, குறைந்த விலை. யோசனை பிழையில்லை, நாங்களும் அதில் பாதியை எடுத்திருக்கிறோம். ஆனால் ஆயிரத்தைந்நூறுக்கு மேலே கடைகளைக் கடனில் வேகமாகத் திறந்தார்கள். 2009இல் கையில் காசு வற்றி எல்லாம் பூட்டுப்பட்டது. எங்கள் கூட்டங்களில் “எல்லாக் கிளையையும் ஒரேயடியாய் மாத்துவம்” என்று யாராவது எழும்பினால் நான் சுபிக்ஷா என்று ஒரு சொல் சொல்வேன். இப்போது நான் வாய் திறக்க முதலே சிரிக்கிறார்கள்.

அப்ப எங்கடை ஊர்க் கிளையைப் பூட்டப் போறியளோ? நேராச் சொல்லுங்கோ.

இரண்டு கிளைகளைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. தீர்மானம் பொதுச்சபைக்குத்தான் வரும், இரண்டாவது பதிலில் சொன்னபடி வாக்கு உங்களுடையது. கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டுப் பிறகு என்னைப் பஸ்சில் பிடித்துக் கேட்கவேண்டாம். அந்த இரண்டு கிளைகளிலும் நாள் வியாபாரம் விற்பனையாளரின் சம்பளத்துக்கே காணாது. ஆனால் அடுத்த கடைக்கு ஆறு கிலோமீற்றர், வயதானவர்களுக்குச் சைக்கிளும் இல்லை.

லொறி விட்டது இதற்காகத்தான். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதுக்கு வாசிகசாலைக்கு முன்னால் நிற்கும். நகரக் கிளை விலைதான், கூட எடுக்கமாட்டோம். முதல் நாள் பின்னேரத்துக்குள் போனில் சொன்னால் அரிசி மூட்டை, மாட்டுத் தீவனம் எல்லாம் ஏற்றிவருவோம். பை கொண்டு வாருங்கள். 2025 நவம்பரிலிருந்து பொலித்தீன் பையைச் சும்மா தரமுடியாது.